பிரிகேட் ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு பெங்களூரு பிரிகேட் ரோட்டில் புதிதாக வந்து நிற்பவருக்குத் தலை சுற்றும். மாடிக்கு மாடி விளக்கு, மாடிக்கு மாடி வெவ்வேறு பாட்டு, வாசலில் நின்றுகொண்டு கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆட்கள். ஆள் வைத்துக் கூப்பிடுகிற பாரைத் தாண்டிப் போய்விடுங்கள். நாலு பேருக்குப் பிடித்துப்போன பழைய இடம் எதுவும் வாசலில் நின்று யாரையும் கூப்பிடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சந்து திரும்பினால் போதும்.

மெட்ரோவில் வருவதுதான் புத்திசாலித்தனம். ஊதா வழித்தடத்தில் எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி பிரிகேட் ரோட்டுக்குள் நடந்தால், வலப்பக்கம் முதலில் சர்ச் ஸ்ட்ரீட், அடுத்தது ரெஸ்ட் ஹவுஸ் ரோடு. இந்த இரண்டாவது தெருவில்தான் 1989இல் தொடங்கிய பெக்கோஸ் இருக்கிறது. குறுகலான கட்டடம், மரப் பெஞ்சுகள், சுவரெங்கும் ஹெண்ட்ரிக்ஸ், பாப் மார்லி போன்றவர்களின் படங்கள். ஒலிப்பது பழைய ராக். இந்திப் பாட்டு கேட்டு நச்சரிப்பவர்களுக்கு ஏற்ற இடமல்ல. பியரைக் குவளையிலோ பிட்சரிலோ சொல்லிவிட்டு, தொட்டுக்கொள்ள காரமான வறுவல் ஏதாவது கேளுங்கள். ஏழு மணிக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் மாடிப்படியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பெங்களூருக்கும் பியருக்கும் உள்ள உறவு ஐ.டி. கம்பெனிகளுக்கு மிகவும் முந்தையது. கண்டோன்மென்ட்டில் குடியிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் தாகத்தை நம்பி இங்கே மதுவடிப்பு ஆலை வந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் சிலவற்றை ஒன்றுசேர்த்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். கிங்ஃபிஷர் அந்தக் கம்பெனியின் பியர்தான். இன்று யு.பி. சிட்டி என்ற கண்ணாடி மாளிகை நிற்பது பழைய ஆலை இருந்த நிலத்தில். 1980களில் பப் மோகம் பிடித்தபோது அதற்கான பழக்கம் ஊருக்குள் ஏற்கெனவே இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இன்னொரு வித்தியாசம் உடனே தெரியும். நம்மூரில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கர்நாடகத்திலோ மொத்த விற்பனைதான் அரசு நிறுவனத்திடம். கடையும் பாரும் பெரும்பாலும் தனியாருடையவை. உரிமையாளரின் ருசி, பிடிவாதம், சொந்த ஊர்ச் சமையல் எல்லாம் அதனால் மேசைக்கு வந்துவிடுகின்றன. வசந்த் நகர் கொடவ சமாஜக் கட்டடத்தில் உள்ள விண்ட்ஸர் பப் இதற்கு நல்ல உதாரணம். ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். குடகு, மங்களூர் பக்கத்துச் சாப்பாட்டுக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. காச்சம்புளி ஊற்றிச் சமைக்கும் குடகுப் பன்றிக்கறி சாப்பிடாமல் திரும்புவது பெரிய தப்பு.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு வார்த்தை. கன்னடத்தில் சரக்குக்குச் செல்லப்பெயர் ‘எண்ணே’, நம் எண்ணெய்தான். கூடத் தொட்டுக்கொள்வதை ‘நெஞ்சிக்கொள்ளோக்கே’ என்பார்கள். ‘நஞ்சிக்க என்ன இருக்கு’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கண்டோன்மென்ட் பகுதியில் பல சர்வர்களுக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் ‘ஒந்து பியர் கொடி’ என்று கன்னடத்தில் ஆரம்பியுங்கள். அதற்குக் கிடைக்கும் சிரிப்பே தனி.

சத்தம் வேண்டாம் என்பவர்கள் சர்ச் ஸ்ட்ரீட்டின் மறுமுனைக்கு, செயின்ட் மார்க்ஸ் ரோட்டுக்குப் போகலாம். 1940இல் பேக்கரியாகத் தொடங்கிய கோஷீஸ் அங்கே இருக்கிறது. பார் என்பதைவிட, பியரும் கிடைக்கிற பழைய காபி ஹவுஸ் என்பதே பொருத்தம். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இங்கே வாடிக்கையாளர். பாதித் தூங்குவதுபோல் இருக்கும் இந்தக் கூடத்துக்கு மத்தியானம்தான் சரியான நேரம்.

புது அலையைப் பார்க்க விரும்பினால் இந்திரா நகர் நூறடி ரோட்டில் 2010இல் வந்த டாய்ட் இருக்கிறது. அங்கேயே வடிக்கும் பியரில் பாஸ்மதி அரிசி சேர்த்த ரகம் ஒன்று உண்டு. நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரிசையில் நின்று பெயர் கொடுத்துக் காத்திருக்கும்போது, ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டு மரப் பெஞ்சு ஞாபகத்துக்கு வரலாம்.

கர்நாடகத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது இல்லை. இளமையாகத் தெரிபவர்கள் அடையாள அட்டை வைத்திருப்பது நல்லது. காந்தி ஜெயந்தி, தேர்தல் நாட்களில் எல்லாம் மூடியிருக்கும். பார்கள் இரவு ஒரு மணி வரை இருக்கும். மெட்ரோ அதுவரை காத்திருக்காது, பதினொரு மணி வாக்கில் கடைசி ரயில். அதைத் தவறவிட்டால் ஆட்டோக்காரர் மீட்டரைத் தொடவே மாட்டார், ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். சொந்த வண்டியை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: வார இறுதி இரவுகளில் போக்குவரத்து போலீஸ் குழாயை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.