ஒருவர் உழைக்க, மூவருக்கு மதிப்பெண்ணா?

குழுவாகப் படிக்கவிட்டால் ஒருவர் புரோகிராம் எழுதுவார், மற்றவர்கள் பெயர் மட்டும் எழுதுவார்கள் என்ற நம்பிக்கை கணிப்பீட்டு அறிவியல் வகுப்புகளில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. கயிறு இழுக்கும்போது ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைவதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913இல் எழுதிவைத்தார். ஆனால் அங்கே யார் எவ்வளவு இழுத்தார் என்பது வெளியே தெரியாது. அதைத் தெரியவைப்பதில்தான் கூட்டுறவுக் கற்றலே தொடங்குகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வலியுறுத்திய நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு: ஒருவரை விட்டு ஒருவர் முடிக்க முடியாத வேலை, ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்லும் பொறுப்பு.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டாலே அது குழுக் கற்றல் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சமன்பாடு ஒருவருக்கு, புரோகிராம் ஒருவருக்கு, அறிக்கை ஒருவருக்கு. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பிப் புரோகிராம் எழுதுபவர், கம்பியில் வெப்பநிலையைக் கணக்கிடும் புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்குகிறார். உடனே வெப்பநிலை மேலும் கீழுமாகத் தாவி, கோடிகளில் எகிறுகிறது. அவர் வரி வரியாகப் பிழை தேடுகிறார். பிழை அங்கே இல்லை. பரவல் கெழுவைக் காலப்படியால் பெருக்கி, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அவர் பயன்படுத்தும் எளிய முறையில் 0.5ஐத் தாண்டக் கூடாது. 0.4 ஆக இருந்தது இப்போது 1.6 ஆகிவிட்டது, காலப்படியை நான்கில் ஒன்றாகக் குறைத்திருக்க வேண்டும். சமன்பாடு போட்டவர் அருகில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். "வெளியிலிருந்து சூடு தராமல் கம்பி இப்படிக் கொதிக்குமா?" என்று மூன்றாமவர் கேட்டிருப்பார்.

ஆகவே மூவரும் ஒரே கணினி முன் உட்கார வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் வழிநடத்த, ஒருவர் சந்தேகம் எழுப்ப வேண்டும். அடுத்த வகுப்பில் இடம் மாற வேண்டும். மாறாவிட்டால் தட்டச்சு தெரிந்தவரே கடைசிவரை தட்டச்சு செய்வார். மினசோட்டாவில் பட்ரீசியா ஹெல்லர் குழுவினர் இயற்பியல் வகுப்பில் இப்படிப் பாத்திரங்கள் கொடுத்தார்கள். 1992இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: குழுவின் தீர்வு, அக்குழுவிலேயே சிறந்தவர் தனியே எழுதியதைவிட மேலானதாக இருந்தது. நன்றாகப் படிப்பவருக்குக் குழு சுமை என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

தெரியாதவர்கள் கூடிப் பேசி என்ன பயன் என்பார்கள். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்த 2009 ஆய்வு, தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களிலும் பேச்சுக்குப் பின் புரிதல் உயர்வதைக் காட்டியது.

விரிவுரையில்தான் நன்றாகப் புரிகிறது என்று மாணவர்களே சொல்வது மட்டும் ஆசிரியர்களை உண்மையிலேயே தடுமாற வைக்கிறது. ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே முயன்று கற்றவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை திணறுவதை அவர்கள் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த முடிவை முதல் வாரமே வகுப்பில் எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் இரண்டாம் வாரமே பழைய விரிவுரையைக் கேட்டு வருவார்கள், ஆசிரியரும் இணங்கிவிடுவார்.