பைபாஸுக்குப் பிறகு வீட்டில்

கேள்வி: இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவருக்கு என்னென்ன கவனிப்பு தேவை?
– வாசகர், புனே

பதில்: பைபாஸின்போது அறுத்துக் கம்பியால் கட்டப்படும் மார்பெலும்பு கூடிவர 6 முதல் 12 வாரம் ஆகும்; சர்க்கரை நோயிருந்தால் இன்னும் தாமதமாகலாம். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். புனேயின் சதாசிவ் பேட் பக்கத்து ‘வாடா’ எனப்படும் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. மெதுவாகப் படியேறுவதில் தவறில்லை. கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்து ஏறுவதுதான் தவறு. புனேக்காரர்களின் உயிரான ஸ்கூட்டரை மருத்துவர் சொல்லும்வரை தொடவே கூடாது.

குடும்பத்தார் அதிகம் மிரள்வது மனக்குழப்பத்தைக் கண்டுதான். இரவில் ஆள் தெரியாமல் பேசுவது முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். மூக்குக்கண்ணாடி, பகல் வெளிச்சம், தெரிந்த முகம் ஆகியவை உதவும். ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம். காயத்தில் சீழ், காய்ச்சல், மார்பெலும்பில் ‘கிளிக்’ சத்தம் இவையும் உடனே காட்ட வேண்டியவை. மூச்சுத்திணறலோ மார்புவலியோ வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்; மகாராஷ்டிரத்திலும் இந்த ஆம்புலன்ஸ் இலவசம்.