கல்லாகிய சிப்பியை இனங்காண்போம்

கெப்பாலா பத்தாஸை அடுத்துள்ள குவார் கெப்பாவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ‘கெப்பா’ என்னும் மலாய்ச் சொல் ஒருவகைச் சிப்பியைக் குறிக்கும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் உண்டு எறிந்த சிப்பியோடுகள் மேடுகளாகக் குவிந்தன. 2017ஆம் ஆண்டில் அவ்விடத்தில் தொன்மையான பெண்ணொருத்தியின் எலும்புக்கூடும் கிடைத்தது.

அவை மனிதர் குவித்த ஓடுகள். மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கடலடியில் புதைந்து கல்லாகிவிட்ட ஓடுகளும் உண்டு. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருச்சி வட்டாரத்தை ஒட்டிய அரியலூர், அவற்றுக்குப் புகழ்பெற்ற இடமாகும். இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்நிலம் கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது. அக்காலம் 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ‘கிரேட்டா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சீமைச் சுண்ணாம்பு என்பது பொருள். இங்கிலாந்தின் வெண்ணிறக் கடற்பாறைகள் அக்காலத்தில் படிந்த சீமைச் சுண்ணாம்பே. அரியலூரில் சுண்ணாம்புக்கற்களும் மணற்கற்களும் படிந்தன.

அக்கற்களில் ‘பிராக்கியோபாட்’ என்னும் உயிரினத்தின் ஓடுகள் கிடைக்கின்றன. பார்வைக்குச் சிப்பிபோல் இருப்பினும் இது சிப்பியினம் அன்று. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?

முதலாவது, மட்டியின் ஈரோடுகளும் நம் இரு உள்ளங்கைகளைப் போன்றவை, ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆனால் ஓர் ஓட்டை மட்டும் எடுத்து நடுவே கோடிட்டால் இடமும் வலமும் ஒவ்வா. பிராக்கியோபாட் இதற்கு நேர்மாறானது. அதன் ஈரோடுகளில் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. ஒவ்வோர் ஓட்டிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும்.

இரண்டாவது, பெரிய ஓட்டின் அலகு போன்ற முனையில் பெரும்பாலும் சிறு துளையொன்று காணப்படும். அத்துளை வழியே காம்பு நீட்டி அவ்வுயிர் பாறையைப் பற்றி வாழ்ந்தது. அகல் விளக்கை ஒத்த வடிவினதாதலால் இதனை விளக்குச் சிப்பி என்றும் கூறுவர்.

மூன்றாவது, மேற்பரப்பை நோக்குதல் வேண்டும். டெரிபிராட்டுலா வகை பெரும்பாலும் வழவழப்பானது. ரிங்கோனெல்லா வகையில் விசிறி மடிப்புப் போன்ற வரிகள் உண்டு. அதன் விளிம்பு வளைந்து நெளிந்திருக்கும். சில சிப்பிகளும் இவ்வாறு தோன்றி நம்மை மயக்கும். ஆதலின் ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு கூறலாகாது.

தென்னிந்தியக் கிரெட்டேசியப் பிராக்கியோபாட்டுகளை ஆராய்ந்து, படங்களுடன் 1872இல் நூலாக்கியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நம் பினாங்குத் தீவின் நிலநத்தைகளைப் பற்றியும் அதே காலத்தில் கட்டுரை எழுதியவர் அவரே! 1874இல், தம் 36ஆம் வயதில், லடாக் மலைப்பயணத்தில் அவர் மறைந்தார். அவர் அளந்தும் வரைந்தும் வைத்த குறிப்புகளோ இன்றளவும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

குவார் கெப்பா மேடுகளின் பெரும்பகுதியை முற்காலத்தில் சுண்ணாம்புக்காக அள்ளிச் சென்றனர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கிறது. அரைபட்ட ஓடு மீண்டும் கிடைக்காது. எங்கே, எந்தப் படிவில் கிடைத்தது என்று குறிக்கப்படாத ஓடும் பாதி ஊமையே.

எனவே, மண் வெட்டும்போதோ கல் உடைக்கும்போதோ விந்தையான ஓடு கண்ணிற்பட்டால், பெற்றோரே, பிள்ளைகளே, அதனைச் சுரண்டாதீர்கள். இடத்தையும் நாளையும் எழுதுங்கள். நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை அளந்து படம் வரையுங்கள். பின்னர் ஆசிரியரிடம் காட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுத்தலாகாது. பெயர் சூட்டுவது அறிஞர் பணி. கண்டதைக் கண்டவாறு எழுதுவது நம் அனைவருக்கும் இயலும் பணி. அதனைச் செவ்வனே செய்வோமாக!