பால்மரப் பலகையில் ஒரு பெயர்

பால்மரத்தைப் பாலுக்காக மட்டுமே நாம் அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்டால், அது அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்திற்கும் விறகாயிற்று. 1970களின் இறுதியிலிருந்துதான் இந்நிலை மாறியது. அறுத்த பலகையைப் போரான் உப்புக் கரைசலால் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவியதும், அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. ஜொகூரின் மூவார் வட்டாரம் இன்று நாட்டின் மரத்தளவாட ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. விறகாய்ப் போன மரத்தில் சூட்டுக்கோலால் பெயர் பொறித்து, காய் நறுக்கும் பலகையொன்றைச் செய்யும் முறையை இம்மாதம் காண்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரத்தை வெட்டி எடுத்துப் பலகை செய்ய முனைய வேண்டாம். பால்மரத்தில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலப் பூஞ்சணம் படரும். பின் வண்டு துளைக்கும். தொழிற்சாலையில் மிஞ்சிய துண்டுகளும் உணவுக்கு ஆகா. அவற்றில் என்ன பூச்சு, என்ன மருந்து ஏறியுள்ளது என்பது நமக்குத் தெரியாது. ஒட்டுப்பலகையைச் சுட்டால் பசையின் நச்சுப்புகை எழும். ஆகவே, சமையலுக்கென்றே விற்கப்படும், மெருகு பூசாத பால்மரப் பலகையைக் கடையில் வாங்குவதே அறிவுடைமை.

கருவிக்கு, ஈயம் பற்றவைக்கும் 30 வாட் மின்கோல் போதும். ஆனால் அதன் முனை புத்தம் புதியதாக இருத்தல் வேண்டும். வானொலி பழுது பார்த்த பழைய கோலை இரவல் வாங்காதீர்கள். அதன் முனையில் ஒட்டியிருக்கும் ஈயம் நம் பிள்ளைகளின் உணவுப் பலகைக்கு வந்துவிடும்.

பலகையை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் நார் எழும்பும். 220ஆம் எண் மணல்தாளால், நாரின் போக்கிலேயே தேய்த்து மழமழப்பாக்குங்கள். இனி எழுத்து. வீட்டில் எழுதப் பழகிய பாட்டி இருப்பாரானால் அவர் பெயரை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுத்து நடுங்கியிருந்தால் திருத்தாதீர்கள். அச்செழுத்து எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்த நடுக்கம் கிடைக்காது. பெருவிரல் ரேகை வைத்தே சம்பளம் வாங்கியவராயின், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் கேட்டு நீங்களே எழுதுங்கள். வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்ட பல தோட்டங்களின் பெயர் இன்று முதியோர் நாவில்தான் வாழ்கிறது.

தாளின் பின்புறத்தில் மென்பென்சிலைத் தேய்த்து, பலகைமீது வைத்து, எழுத்தின்மேல் அழுத்தி வரைந்தால் உருவம் பதியும். கார்பன் தாளின் கறை எளிதில் போகாது.

சன்னலைத் திறந்து வைத்து, கோல் நன்கு சூடேறியபின், அதை நம்மை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். தள்ளினால் முனை நாரில் சிக்கும். அழுத்த வேண்டியதில்லை, சூடே எழுதும். நாரின் வழியே செல்லும் கோடு கையை மீறி ஓடும். குறுக்கே செல்லும் கோடு தயங்கும். நம் எழுத்துகளோ வளைவே உருவானவை. 'ழ', 'ண' போன்றவற்றை ஒரே வீச்சில் முடிக்க எண்ணாமல், பலகையைத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாக எழுதுவதே முறை.

புள்ளி எளிது என்றெண்ணி நாம் ஏமாந்தோம். நம் முதற் பலகையில் இறுதி 'ள்' எழுத்தின் புள்ளியில் கோலைச் சற்றே நிறுத்தியதும், அது பட்டாணி அளவு கருங்கறையாகிவிட்டது. தொட்ட கணமே எடுத்துவிட வேண்டும். வேறொரு சிறு பலகையில் ஐம்பது புள்ளியேனும் இட்டுப் பழகிய பின்னரே பெயரைத் தொடுங்கள். பிள்ளைகள் அருகிருந்தால் கோலைத் தாங்கியில் வைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டே எழுந்திருங்கள்.

பொறித்த பக்கம் காட்சிக்கு, மறுபக்கமே கத்திக்கு. எண்ணெய் தடவுவது சுட்ட பின்னர்தான். முன்னரே தடவினால் புகையும். நல்லெண்ணெய் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாரஃபினை மெல்லத் தேய்த்து, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் துடைத்தெடுங்கள். பயன்படுத்தியபின் நீரில் ஊறப்போடாமல் கழுவி, சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் பலகை கோணாது.