ஆற்றின் அக்கரையைக் கண்ட தளபதி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

நீலகிரியில் குன்னூருக்கு அருகிலுள்ள வெல்லிங்டன் என்னும் ஊரை அறியாதார் நம்மில் சிலரே. அவ்வூர் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த வெல்லிங்டன் கோமகனை, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அவரே பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராகவும் இருந்தார். போர்க்களத்தில் கற்ற பாடம் அரசியலில் அவருக்கு உதவியதா என்பதே நான் ஆராய விரும்புவது.

ஆர்தர் வெல்லெஸ்லி என்பது அவருடைய இயற்பெயர். 1769இல் அயர்லாந்தில் பிறந்தவர். அந்நாளில் ஆங்கிலப் படையில் அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. இவரும் விலை கொடுத்தே உயர்ந்தார். அண்ணன் ரிச்சர்டு இந்தியாவின் தலைமை ஆளுநர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமேது?

ஆனால் அவர் கற்றுக்கொண்டவர் என்பதை மறுப்பதற்கில்லை. 1799இல் சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பை இரவில் தாக்கப் போய், இருளில் வழி தடுமாறித் தோற்றுத் திரும்பினார். மறுநாள் பகலில் அதே தோப்பைக் கைப்பற்றினார். இடத்தைக் கண்ணால் பாராமல் இறங்கக்கூடாது என்பது அவர் கற்ற பாடம்.

1803 செப்டம்பர் 23இல் அசாயி என்ற இடத்தில் பன்மடங்கு பெரிய மராட்டியப் படை எதிர்நின்றது. இடையில் கைத்னா ஆறு. அதைக் கடக்கத் துறையே இல்லை என்றனர் வழிகாட்டிகள். ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதை அவர் கண்டார். மக்கள் இங்கும் அங்கும் போய்வர வழியில்லாமலா இப்படி ஊர் கட்டியிருப்பார்கள் என்று எண்ணினார். துறை இருந்தது! கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வதுதானே எங்கள் ஆய்வுக்கூடத்திலும் நடப்பது! அன்று வெற்றி கிடைத்தது. ஆனால் அவர் பக்கம் மட்டும் 1,500க்கு மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அவர்களில் சென்னைப் படையின் சிப்பாய்கள் பலர். வெற்றியைப் பாடும் நூல்கள் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை.

1810இல் போர்ச்சுக்கலில் லிஸ்பனுக்கு வடக்கே முன்பே கட்டிவைத்த கோட்டை வரிசைகளுக்குள் பின்வாங்கி, பிரெஞ்சுப் படையைப் பசியால் திரும்பச் செய்தார். 1815 ஜூன் 18இல் வாட்டர்லூ. அதை விரிக்கத் தேவையில்லை.

1828 ஜனவரியில் பிரதமரானார். அவ்வாண்டே அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் டேனியல் ஓ'கானல் வென்றார். கத்தோலிக்கர் என்பதால் அவர் நாடாளுமன்றத்தில் அமர இயலாது. கத்தோலிக்கருக்கு அவ்வுரிமை தருவதை வெல்லிங்டனின் கட்சி எதிர்த்துவந்தது. மறுத்தால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளும் என்று உணர்ந்த அவர், 1829இல் தாமே முன்னின்று அச்சட்டத்தை நிறைவேற்றினார். துரோகி என்ற பழி வந்தது. பழித்த வின்செல்சி பிரபுவோடு துப்பாக்கி ஏந்தித் தனிப்போருக்கும் போனார், பிரதமராக இருந்துகொண்டே! இருவர் குண்டும் எவர்மேலும் படவில்லை.

இங்கே அக்கரையைக் கண்டவர், மறு ஆண்டே கண்ணை மூடிக்கொண்டார். மக்கள் குடியிருப்பே அற்றுப்போன ஓல்டு சாரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. ஆலை நகரமான மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவருமில்லை. ஆயினும் 1830 நவம்பரில், நாடாளுமன்ற அமைப்பில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை என்று பிரபுக்கள் அவையில் முழங்கினார். இரு வாரத்தில் அவர் ஆட்சி வீழ்ந்தது. மான்செஸ்டர்த் தெருக்களை அவர் அசாயியின் ஆற்றைப் பார்த்ததுபோல் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1831 ஏப்ரலில் மக்கள் அவர் வீட்டுச் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தனர். உள்ளே அவர் மனைவியின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. பின்னர் அச்சன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் போடப்பட்டன. 1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார்.

1846இல் வெளிநாட்டுத் தானியத்தின்மீதான வரியை நீக்க ராபர்ட் பீல் முனைந்தார். வெல்லிங்டனுக்கு அது உடன்பாடில்லை. எனினும் தம் 77ஆம் வயதில், பிரபுக்கள் அவையில் தம் கட்சியினரைப் பேசி இணங்கவைத்து, அதை நிறைவேற்றிக் கொடுத்தார்.