சயனைடு மேட்டில் ஒயிட் பேலன்ஸ்

கோலார் தங்கவயலில் படம் எடுக்கிறவர்களை முதலில் படுத்துவது சயனைடு மேடுதான். பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சக்கை மண் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை ஏறத்தாழ நூறாண்டு சேர்ந்த குவியல். 3 கோடி டன்னுக்கு மேல். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கம் கேமராவைத் திருப்பினால், ஃப்ரேமில் பாதியை அந்த வெளிறிய மஞ்சள் மண்ணே பிடித்துக்கொள்ளும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு படத்திலுள்ள நிறங்களை எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது கேமராவின் அடிப்படைக் கணக்கு. மண் மஞ்சளாக இருப்பதை, வெளிச்சமே மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு அது நீலத்தை ஏற்றிவிடும். மண் சாம்பலாகும். அதன் முன்னால் நிற்பவரின் கறுப்பும் மாநிறமும் களையிழந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல ஆகிவிடும். புதிய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கும். ஆள் சிறிதாகி மேடு பெரிதானால் அவையும் தடுமாறும்.

அதனால் மேட்டுப் பக்கம் போனால் நான் ஆட்டோவை அணைத்துவிடுவேன். நல்ல வெயிலுக்கு 5200 முதல் 5500 கெல்வின், மூட்டமான நாளுக்கு 6500, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் நிழலில் 7500. போனில் புரோ மோடிலும் இந்த எண்களை வைக்கலாம். மண் எந்த நிறமாக இருந்தால் என்ன, அதன்மேல் விழும் வெயில்தானே கணக்கு? ரா ஃபைலாக எடுத்தால் இந்த எண்ணைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் கேமரா முடிவெடுத்து, வேண்டாததை உதறிவிட்டுத்தான் கொடுக்கிறது. அளவுமீறித் திருத்தினால் தோல் திட்டுத்திட்டாகப் போகும்.

தோல் நிறத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோடாக் நிறுவனம் போட்டோ அச்சிடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பூமிக்கடியில் வேலை செய்த நம் ஆட்களின் முகம் எப்படி அச்சானாலும் கேட்பாரில்லை. இப்போது அளவுகோல் நம் கையில் இருக்கிறது. ஆளை வெளுப்பாக்கிக் கொடுப்பதை நான் திருத்தம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஸ்னாப்சீடிலும் லைட்ரூமிலும் ஐ-டிராப்பர் இருக்கிறது. நடுநிலையான ஒரு புள்ளியைத் தொட்டால் படம் முழுக்கச் சரியாகும். எதைத் தொடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். பலரும் வேட்டியைத் தொடுவார்கள். நம் வீட்டு வேட்டி சொட்டு நீலம் போட்டுத் துவைத்தது. சுண்ணாம்புச் சுவரிலும் பல வீடுகளில் நீலம் கலந்திருக்கும். அந்த நீலத்தை மென்பொருள் கழித்தால் முகத்தில் மஞ்சள் அடிக்கும். வெயிலில் வெளுத்துப் பொரிந்த வெள்ளையும் உதவாது, அதில் நிறத் தகவலே மிச்சமில்லை. கிரே கார்டு இல்லாவிட்டால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையோ சிமென்ட் தரையையோ தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கைகொடுக்கும்.

வீட்டுக்குள் வேறு கதை. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் நேராகச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூரிலேயே 1905-இல்தான் மின்விளக்கு எரிந்தது. இன்று ஒரே அறையில் வாசல் வழியே பகல் வெளிச்சம், மேலே டியூப்லைட், சாமி படத்துக்கு மஞ்சள் பல்பு, போதாததற்குப் பச்சைச் சுவர். எந்தக் கெல்வினும் இதற்கெல்லாம் சேர்த்துப் பொருந்தாது. விளக்குகளை அணைத்து, ஆளை வாசலோரம் உட்காரவைப்பதே நல்ல வழி. கன்னத்தில் சுவரின் பச்சை ஏறியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். படம் முழுக்க நகர்த்தினால் மறு கன்னம் சிவந்துவிடும்.

‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்தின் கரும்பழுப்பை இந்த ஊர்ப் படங்கள் எல்லாவற்றிலும் பூசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கதைக்கு அது பொருந்தும். ராபர்ட்சன்பேட்டை சந்தையில் தக்காளி விற்பவர்மேல் ஏன் அதைப் பூசவேண்டும்?

இங்கே அதிகம் கேட்கப்படும் உதவி, பழைய கலர் பிரிண்டுகளைச் சரிசெய்வது. எழுபது, எண்பதுகளில் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படங்கள் பெட்டிக்குள் இருந்தபடியே செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும். அந்தக் காலத்துத் தாளில் சியான் சாயம்தான் இருட்டிலும் முதலில் மங்கும்; அது போனால் சிவப்பு மேலோங்கும். இதற்கு டெம்பரேச்சர் ஸ்லைடர் பயன்படாது, கறுப்பான இடத்தில் ஒரு அளவும் வெளுப்பான இடத்தில் வேறு அளவுமாகச் சாயம் போயிருக்கிறது. ஸ்கேன் செய்து, ஜிம்ப்பில் லெவல்ஸைத் திறந்து, சிவப்பு சேனலை மட்டும் எடுத்து இடது முனையை உள்ளே தள்ளுங்கள். முடியும் கோட்டும் கறுப்பாகத் திரும்பும். தாள் பழுத்திருந்தால் நீலச் சேனலின் வலது முனையையும் கொஞ்சம் உள்ளே இழுக்கவேண்டும்.

அப்புறம் அந்த வீட்டு மனிதர்களைக் கேட்கவேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு அம்மா, நான் திருத்திய படத்தைப் பார்த்து, “இல்ல தம்பி, கூறைப்புடவை அரக்கு. இது தக்காளிக் கலரா இருக்கு. ஜாக்கெட்டுதான் மாம்பழக் கலர்” என்றார். பெட்டியைத் திறந்து புடவையையே எடுத்து வந்து மேஜையில் விரித்தார். மடிப்புக்குள் வெயில் படாத பகுதியைப் பார்த்துக்கொண்டே சிவப்பையும் நீலத்தையும் நகர்த்தினோம். அவர் போதும் என்றதும் நிறுத்தினேன். திருத்தாத ஸ்கேனையும் டிஃப் ஃபைலாக அதே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் பேரப்பிள்ளைகள் அதிலிருந்து தொடங்கலாம்.