சீன மொழியில் பணிவாகப் பேசுவோம்

பிறமொழி கற்கத் தொடங்கும் நாம் முதலில் சொற்களையும் இலக்கணத்தையுமே தேடுகிறோம். ஆனால் மரியாதை அறியாமல் பேசினால் பிழையற்ற வாக்கியமும் கேட்பவர் மனத்தைப் புண்படுத்திவிடும். இதற்குச் சீன மொழி நல்லதோர் எடுத்துக்காட்டு.

தமிழில் 'வா' என்பதை 'வாருங்கள்' என்று மாற்றினால் மரியாதை வந்துவிடுகிறது. சீனத்திலோ வினைச்சொல் யாருக்காகவும் உருமாறாது. அப்படியானால் பணிவு எங்கே இருக்கிறது?

முதலாவது, முன்னிலைச் சொல்லில். சீனத்திலும் 'நீ' என்றால் நீதான்! அங்கே அது மரியாதைக் குறைவன்று. தோழியர் தமக்குள் இயல்பாக வழங்குவது. ஆசிரியரிடமும் முதியோரிடமும் 'நின்' என்பார்கள். 'நீ' என்னும் எழுத்தின் கீழே 'இதயம்' என்னும் எழுத்தைச் சேர்த்தால் 'நின்' ஆகிறது. பெய்ஜிங் முதலிய வடபகுதிகளில் இவ்வழக்கு மிகுதி.

இரண்டாவது, 'சிங்' என்னும் சொல். 'சிங் ஜின்' என்றால் 'உள்ளே வாருங்கள்'. 'சிங் வென்' என்றால் 'ஒன்று கேட்கலாமா?' வழி கேட்குமுன் இதைச் சொல்வது நல்ல பழக்கம்.

மூன்றாவது, பிறரை உயர்த்துவதில். 'நின் குய் ஷிங்?' என்றால் 'தங்கள் மேன்மைமிகு குடும்பப் பெயர் என்ன?' என்பது பொருள். 'குய்' என்பதே மேன்மையைக் குறிக்கும் சொல். விடை கூறுபவர் தம்மைப் பற்றி அச்சொல்லை வழங்கமாட்டார். 'வோ ஷிங் வாங்' என்று மட்டும் சொல்வார். அவர் ஆசிரியையானால் நாம் 'வாங் லாவ்ஷி' என அழைக்கவேண்டும். 'லாவ்ஷி' என்றால் ஆசிரியர்.

'ஷியே ஷியே' என்று நன்றி கூறினால், 'பூ க சி' என்பார்கள். 'விருந்தாளிபோல் உபசாரம் வேண்டாம்' என்பது அதன் கருத்து. வீட்டாரிடமும் உயிர்த்தோழியரிடமும் ஒவ்வொரு சிறு உதவிக்கும் நன்றி சொன்னால், நம்மை அந்நியராக்கிவிட்டாளே என்று அவர்கள் வருந்தக்கூடும். அளவு மீறிய பணிவும் மனிதரைத் தூரத்தில் நிறுத்தும்!

இவற்றின் ஏற்ற இறக்க ஒலிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட இயலாது. ஆசிரியரிடம் கேட்டே பழகவேண்டும்.

1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்ற இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி, 1582-இல் மக்காவு சேர்ந்து சீனம் கற்றார். சீன அறிஞரின் உடையையும் வழக்கங்களையும் ஏற்றார். 1595-இல் நட்பைப் பற்றிச் சீன மொழியிலேயே ஒரு நூல் எழுதினார். 1610-இல் அவர் பெய்ஜிங்கில் இறந்தபோது, கல்லறைக்குப் பேரரசரே நிலம் அளித்தார்.

ஆகவே சகோதரிகளே, எம்மொழி கற்றாலும் அதன் மரியாதைச் சொற்களை முதற்பாடமாகக் கொள்வோம். மொழியில் நாம் செய்யும் பிழைகளைப் பிறர் பொறுத்துக்கொள்வர். பணிவின்மையைப் பொறுப்பது அரிது.